மடக்குப் போத்தல்

சேதுராமனுக்கு நண்பர்கள் என்று ஒரு பட்டாளம் கிடையாது. ஒருத்தன்தான். அந்த ஒருத்தனுக்கும் மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு பங்காளி முளைத்துவிட்டான் என்பதுதான் 1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முழுக்க அவனைப் பிடித்திருந்த வியாதி. ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை. ஊரார் புண்ணையெல்லாம் கழுவி மருந்து வைத்துக் கட்டுகிற கை. தன் வயிற்றெரிச்சலுக்கு எதை வைத்துக் கட்டுவது என்று மட்டும் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

நண்பனின் பெயர் பொன்னுதுரை. பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். 1948இல் இரண்டு பேரும் காஜா பெராங்கில் ஒரே வரிசை வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தார்கள். இரண்டுமே தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருநாள் நடக்கக் கிளம்பியவர்கள், கல்யாணமாகி வீடு மாறிய பிறகும் அதை விடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது நடப்பார்கள். புக்கிட் சீனா மேட்டில் ஏறி இறங்குவார்கள். இல்லாவிட்டால் தெங்கேரா வழியாகக் கடலை ஒட்டி வெயில் ஏறும்வரை போவார்கள். அதற்கு மேல் ஆசைப்பட முடியாது. காட்டில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் ஒளிந்திருக்க, அவசரகாலச் சட்டம் இருந்த நாளில், சாப்பாட்டு மூட்டையோடு காட்டுப் பக்கம் திரிகிறவனைப் போலீஸ் சும்மா விடாது. யாருக்குப்பா இந்தச் சோறு என்று கேட்கும்.

வானம் தெளிந்த காலைகளில் புக்கிட் சீனா மேலிருந்து பார்த்தால் கிழக்கே லேடாங் மலை நீலமாகத் தெரியும். பொன்னுதுரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்ப்பான்.

"காடு தொறக்கட்டும் சேது. மொத ஆளா நாம ரெண்டு பேரும் ஏறிடணும்," என்பான்.

ஒருதரம் இரண்டுதரம் சொன்னதல்ல. பன்னிரண்டு வருஷமாகச் சொன்னது. சொன்னவன் எப்படி எடுத்துக்கொண்டானோ, கேட்டவன் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டான். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டாததுதான் குறை.

நடக்கப் போகும்போதெல்லாம் தண்ணீர் சேதுராமனுடையது. காக்கித் துணி போர்த்திய பட்டாளத்து அலுமினியப் போத்தல். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் அதில் ஊற்றமாட்டான். பொன்னுதுரை அதை வாங்கி, தலையை நிமிர்த்தி, ஒரு சாண் உயரத்திலிருந்து அண்ணாந்து குடிப்பான். சட்டையில் ஒரு சொட்டு விழாது. அவன் உதடு அந்தப் போத்தலில் பட்டதாகவே சேதுராமனுக்கு நினைவில்லை. "துரை எச்சில் பாக்கறவன். இன்னொருத்தன் வாய் வெச்சதத் தொடவே மாட்டான்," என்று மனைவி கமலவேணியிடம் பெருமையாகச் சொல்வான். தன் நண்பனைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதில் அவனுக்கு ஒரு ருசி.

ஜூலை கடைசியில் அவசரகாலம் முடிந்தது. மறுநாள் வேலை விட்டதும் சேதுராமன் வீட்டுக்குக்கூடப் போகாமல் சைக்கிளைப் பொன்னுதுரை வீட்டுக்கு விட்டான். "துரை, எப்ப கெளம்பலாம்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தான். நுழைந்த பிறகுதான் நாற்காலியில் இன்னொருத்தன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

சிவபூஜையில் கரடி புகுந்தது போல என்பார்கள். கணக்குப்படி பார்த்தால் புகுந்தது சேதுராமன்தான். மற்றவன் அரைமணி நேரமாக அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் சேதுராமன் கண்ணுக்குக் கரடி அவன்தான்.

"வா வா, நல்ல நேரத்துல வந்த. இவரு கணபதி. கம்போங் செட்டி. நம்மளோட லேடாங்குக்கு வராரு," என்றான் பொன்னுதுரை.

கம்போங் செட்டி அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஊர்க்காரர்களுக்குக் கோயில், பூசை, பேர் எல்லாம் நம்மைப் போலத்தான். வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். கணபதி நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். சேதுராமனைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டான். "வணக்கம் அபாங்," என்றான். அபாங் என்றால் அண்ணன். நில அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் பஸ்ஸில் போகிறவன், ஒருநாள் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு மாட்டிக்கொண்டானாம். பொன்னுதுரை திட்டுவதற்குப் பதில் சிரித்துவிட்டானாம். பழக்கம் அங்கே பிடித்து இரண்டு மாதத்தில் மலை வரைக்கும் வந்துவிட்டது.

கணபதியிடம் ஏதாவது குறை இருந்திருந்தால் சேதுராமன் பிழைத்திருப்பான். கஞ்சனாக இருக்கலாம், வாய்த்துடுக்குக்காரனாக இருக்கலாம், பீடி நாற்றம் அடிக்கலாம். ஒன்றும் இல்லை. வாழையிலையில் மடித்த பலகாரம் கொண்டுவந்திருந்தான். சேதுராமனுக்கென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அது நன்றாகவும் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

பேச்சும் மலாயிலேயே ஓடியது. பொன்னுதுரைக்கு பஸ்ஸில் நாலு ஜனத்தோடு பேசிப் பேசி மலாய் தண்ணீர் பட்ட பாடு. சேதுராமனுக்குத் தெரிந்தது எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, நாக்கை நீட்டு. அவ்வளவுதான். கணபதி ஏதோ வேகமாகச் சொல்ல, பொன்னுதுரை தொடையில் தட்டிச் சிரித்தான். சேதுராமனும் சிரித்தான், கொஞ்சம் பின்தங்கி. எதற்குச் சிரித்தோம் என்று வீடு போகும் வழியெல்லாம் யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

கமலவேணி பயத்தங்காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப உங்களுக்கும் சக்களத்தி வந்தாச்சுன்னு சொல்லுங்க," என்றாள்.

"கண்டதயும் உளறாத. மலைக்கு மூணு பேரு போனா நல்லதுதான். ஒருத்தனுக்குக் கால் பிசகினாலும் ரெண்டு பேரு தூக்கிட்டு வரலாம்."

"அதுக்கு ஏன் மொகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

சேதுராமன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அவள் சொன்னது உண்மை என்று அவனுக்குத் தெரியும். அடுத்த பத்து நாளில் அது இன்னும் முற்றியது. சாயங்காலம் கடைத்தெருவில் போனால் பொன்னுதுரையின் சைக்கிள் எங்கே நிற்கிறது என்று கண் தேடும். அது கம்போங் செட்டி முகப்பில் நின்றால் அன்று ராத்திரி சோறு இறங்காது. முப்பத்தாறு வயசு ஆம்பிளை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

இந்த நிலைமையில்தான் பொன்னுதுரை ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான்.

"சேது, ஒரு உதவி. கணபதிகிட்ட நல்ல தண்ணி போத்தல் இல்ல. சர்பத் வர்ற கண்ணாடிப் போத்தல வெச்சிருக்கான். மலையில விழுந்தா போச்சு. மடக்கி வெக்கிற மாதிரி போத்தல் இப்ப வருதாமே, அதுல ஒண்ணு பாத்து வாங்கிக் குடு. சாமான் பாத்து வாங்குறதுல ஒன்ன அடிக்க ஆளு இல்ல."

புகழ்ச்சி இனித்தது. "மலைக்கு எதுக்கு மடக்குப் போத்தல்? சாதாரணமா ஒண்ணு போதுமே," என்றான் சேதுராமன்.

"மலைக்கு மட்டும் இல்ல. டிசம்பர்ல கணபதியும் நானும் கேமரன் மலைப் பக்கம் போகலாம்னு ஒரு யோசன. பஸ், ரயிலு, பொறவு நடை. ஒரு வாரம். மூட்டை சின்னதா இருக்கணும்ல. ஒனக்குத்தான் ஆஸ்பத்திரியில அவ்வளவு லீவு கெடைக்காதே."

கிடைக்குமா கிடைக்காதா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சேதுராமன் கிடைக்காது என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் கேட்டிருக்கலாம் இல்லையா. ஒரு வார்த்தை. சேதுராமன் சைக்கிளைத் திருப்பினான். "சரி, வரச் சொல்லு," என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் பொன்னுதுரைக்கு வேலை இருந்தது. கணபதியும் சேதுராமனும் மட்டும் போனார்கள். ஆற்றோரத்தில் ஒரு சீனர் கடை. வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலம் விட்ட பூட்ஸ், கொசுவலை, கூடாரத் துணி என்று கூரை வரை அடுக்கியிருக்கும். கடை முதலாளியான தௌக்கே பனியனோடு உட்கார்ந்திருந்தார். மடக்குப் போத்தல் என்றதும் மூன்று தினுசு எடுத்துப் போட்டார்.

முதலாவது கித்தான் பை. மூலையில் தக்கை அடைத்த வாய். தண்ணீர் கசிந்து கசிந்து உள்ளே சில்லென்று இருக்கும். சேதுராமன் அதைத் தடவிப் பார்த்துத் தள்ளி வைத்தான். முதுகில் மாட்டினால் சட்டை நனையும், உச்சிக்குப் போவதற்குள் கால்வாசி காற்றோடு போகும்.

இரண்டாவது பச்சை நிறத் துணிப் பை. உள்ளே ரப்பர் பூச்சு, மேலே பித்தளைத் திருகு மூடி. வாய் அகலம், கையை விட்டுக் கழுவலாம். காலியானால் சப்பாத்தி மாதிரிச் சுருட்டிக்கொள்ளலாம். சேதுராமன் வாயால் காற்றை ஊதி, கழுத்தை முறுக்கி, காதில் வைத்துக் கேட்டான். உஸ்ஸென்ற சத்தம் இல்லை. தண்ணீர் நிரப்பி ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே பழைய பத்திரிகையை விரித்தான். மூன்று பேரும் காப்பி குடித்து முடித்த பிறகும் பத்திரிகை உலர்ந்தே கிடந்தது. ரப்பர் வாடை அடித்தது உண்மை. இரண்டு நாள் தேயிலைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது போய்விடும். வாங்க வேண்டியது இதுதான். சேதுராமனுக்கு அதில் துளி சந்தேகம் கிடையாது.

கணபதி அதை ஆணியிலிருந்து எடுத்து, "மினும்," என்று சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி ஊற்றிக் குடித்துப் பார்த்தான். குடிப்பதாகச் சொல்லிவிட்டுக் குடிக்கிற பழக்கம் அவனுக்கு. தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. சேதுராமன் அந்தத் தண்ணீரைப் பார்த்தான். அதன் கீழே கணபதி முகம் தெரியவில்லை. பொன்னுதுரை முகம்தான் தெரிந்தது. லேடாங் உச்சியில், கேமரன் மலைப் பாதையில், கணபதி நீட்ட, பொன்னுதுரை வாங்கி, இதே மாதிரி அண்ணாந்து குடிக்கிறான். காக்கித் துணி போர்த்திய போத்தலை யாரும் கேட்கவில்லை.

அவன் கை தானாக மூன்றாவதை எடுத்தது. ஜப்பானிலிருந்து வந்த புதுச் சரக்கு. பால் நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பை. மடித்தால் கைக்குட்டைதான், சட்டைப் பையில் வைக்கலாம். வாய் இருக்கிற இடத்தில், பால் குடிக்கிற குழந்தையின் போத்தலுக்கு இருப்பது போல ஒரு காம்பு. பல்லால் லேசாகக் கடித்து உறிஞ்சினால்தான் தண்ணீர் வரும். தூக்கிப் பிடித்து அமுக்கினால் ஒன்று வராது, இல்லையென்றால் மூக்கில் பீய்ச்சும். தௌக்கே செய்து காட்டப் போய் அவர் பனியன்தான் நனைந்தது.

சேதுராமனுக்குப் பொறி தட்டியது. இதில் வாய் வைக்காமல் குடிக்க வழியே இல்லை. கணபதி வாய் வைத்ததில் பொன்னுதுரை வாய் வைப்பானா? செத்தாலும் மாட்டான். தாகம் எடுத்தால் எங்கே வருவான்? தன்னிடம்தான் வரவேண்டும்.

"இது பாகுஸ்," என்றான் சேதுராமன். பாகுஸ் என்றால் நல்லது. தனக்குத் தெரிந்த மலாயில் காரணங்களையும் அடுக்கினான். கனம் இல்லை. வாடை இல்லை. நடந்துகொண்டே குடிக்கலாம், மூடியைத் திருகித் திருகி நிற்கவேண்டாம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறலாம். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதைச் சொன்ன மனசுதான் பொய்.

கணபதி பச்சைப் பையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சேதுராமன் முகத்தைப் பார்த்தான். "அபாங் சொன்னா சரி," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டான். வெளியே வந்ததும் கணபதி, சேதுராமனின் சைக்கிளைத் தானே நிழலிலிருந்து எடுத்துத் தந்து, "தெரிமா காசி, அபாங்," என்று இரண்டுதரம் நன்றி சொன்னான். சேதுராமனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பொறாமை அந்தக் கூச்சத்தைவிடப் பலசாலியாக இருந்தது. பாவத்துக்குப் பரிகாரமாக, முதல் முறை உபயோகிப்பதற்கு முன் வெந்நீரில் அலச வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தான்.

மெர்டேக்கா என்கிற சுதந்திர தினத்துக்கு விடுமுறை. முதல்நாள் சாயங்காலம் பஸ் ஏறி மலையடிவாரத்துத் தங்காக் ஊருக்குப் போய், பக்கத்துத் தோட்டத்தில் பொன்னுதுரையின் சித்தப்பா வீட்டில் படுத்துவிட்டு, விடியும்போது சாகில் அருவிப் பக்கமாக ஏறத் தொடங்கினார்கள். அடிவாரத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அருவியில் மூன்று பேரும் கையால் அள்ளிக் குடித்தார்கள். ஓடை பின்தங்கிப் பாதை வேரும் பாறையுமாக நிமிர்ந்த பிறகுதான் போத்தல்களுக்கு வேலை வந்தது.

முதல் தடவை உட்கார்ந்தபோது கணபதி பிளாஸ்டிக் பையை எடுத்துக் கடித்து உறிஞ்சினான். கன்னம் இரண்டும் குழி விழுந்தது.

"தொட்டில்ல போட்டு ஆட்டவா?" என்று பொன்னுதுரை கையால் ஆட்டிக் காட்டி மலாயில் கேலி செய்தான். இந்தத் தடவை சேதுராமன் எல்லாருக்கும் முன்னால் சிரித்தான். பொன்னுதுரை அவன் பக்கம் கையை நீட்டினான். அலுமினியப் போத்தலை வாங்கி, தலையை நிமிர்த்தி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். ஒரு சொட்டு சிந்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சேதுராமனுக்கு, தானே குடித்த மாதிரி வயிறு குளிர்ந்தது.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை சேதுராமன் தன் பங்கைக் குடிக்காமல் விட்டான். உச்சிக்குப் போனதும் பொன்னுதுரைக்குத் தாகம் எடுக்கும், அப்போது போத்தல் காலியாக இருக்கக்கூடாது என்று கணக்குப் போட்டான். அதற்குப் பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. உதடு வெடித்தது. இருந்தாலும் மூடியைத் திறக்கவில்லை. இடுப்பில் தண்ணீர் தளதளவென்று ஆடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே ஏறினான். அந்தச் சத்தம் போதும் என்று இருந்தது.

கடைசி ஏற்றத்தில் அவன் முழங்கால் தகராறு செய்தது. "நீங்க போங்க, வந்துடறேன்," என்றான். இரண்டு பேரும் முன்னால் போனார்கள். அவர்கள் பேச்சு மேலேயிருந்து விட்டுவிட்டுக் கேட்டது. வேரைப் பிடித்து, பாறையைக் கட்டிக்கொண்டு ஏறி, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து அவன் தலையை உயர்த்தியபோது உச்சிப் பாறை தெரிந்தது. அதில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

கணபதி பிளாஸ்டிக் பையை உறிஞ்சி முடித்துவிட்டு, பக்கத்தில் நீட்டினான். பார்க்கக்கூட இல்லை, சும்மா நீட்டினான். பொன்னுதுரை அதை வாங்கினான். காம்பைத் துடைக்கவில்லை. தயங்கவில்லை. அப்படியே வாயில் வைத்து, கன்னம் குழிய உறிஞ்சினான். கணபதி ஏதோ சொல்ல, வாயில் காம்பை வைத்தபடியே சிரித்தான். தண்ணீர் மோவாயில் வழிந்தது. திருப்பிக் கொடுத்தான். கணபதி இன்னொரு வாய் குடித்துவிட்டு மறுபடி நீட்டினான். பொன்னுதுரை மறுபடி வாய் வைத்தான்.

சேதுராமன் ஒரு காலைப் பாறையிலும் ஒரு காலை மண்ணிலும் வைத்தபடி நின்றுவிட்டான். அவன் பெண்டாட்டியை இன்னொருத்தனோடு பார்த்திருந்தால்கூட அப்படி நின்றிருப்பானா தெரியாது. தொண்டை காய்ந்து, இடுப்பில் அரைப் போத்தல் தண்ணீரோடு, மலையேறி வந்து அவன் பார்க்க வேண்டியிருந்தது இதைத்தான்.

"வா சேது, வா. எப்படியோ ஏறிட்டோம் பாத்தியா," என்று பொன்னுதுரை கை கொடுத்து இழுத்தான்.

சேதுராமன் உட்கார்ந்தான். பேசக்கூடாது என்றுதான் நினைத்தான். வாய் கேட்கவில்லை.

"நீ எச்சில் பாக்கறவனாச்சே துரை."

"யாரு, நானா?"

"பன்னெண்டு வருஷமா பாக்கறேன். என் போத்தல்ல ஒரு நாளாவது ஒன் ஒதடு பட்டிருக்கா?"

பொன்னுதுரை சிரித்தான். கோபமோ குத்தலோ இல்லாத சிரிப்பு. "அது ஒன் போத்தல்டா. எங்க வீட்டுல நாங்க ஆறு பேரும் ஒரே மங்குல கஞ்சி குடிச்சு வளந்தவங்க. எனக்கு ஏது எச்சிலு? மொத மொத புக்கிட் சீனா போனோமே, அன்னிக்கு ஒன் போத்தல்ல வாய் வெச்சுத்தான் குடிச்சேன். நீ ஒண்ணும் சொல்லல. வாங்கி, கைக்குட்டையால வாயத் தொடச்ச. பொறவு கொஞ்சம் தண்ணிய ஊத்தி அலசிக் கீழ விட்ட. அதுக்கப்பறம்தான் நீ குடிச்ச."

சேதுராமனுக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில்லை. ஆனால் நடந்திருக்கும் என்று தெரிந்தது. அன்றைக்குத் தான் செய்திருக்கக்கூடியது அதுதான். இன்றைக்கும் யாராவது வாய் வைத்தால் அதையேதான் செய்வான்.

"ஆஸ்பத்திரியில எத்தன நோயாளியப் பாக்கறவன், அவனுக்கு அது பழக்கம்னு நெனச்சேன். அன்னியிலேருந்து அண்ணாந்து குடிக்கக் கத்துக்கிட்டேன். மொதல்ல பாதி தண்ணி மூக்குல போகும், ஒனக்குத் தெரியாம ரூம்ல பழகினேன்," என்று சொல்லிவிட்டுப் பொன்னுதுரை எழுந்து பாறையின் மறுபக்கம் போனான். சொன்னதை அவன் பெரிதாக நினைக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய பழைய கதை அவனுக்கு.

சேதுராமனுக்கு அது பழைய கதை இல்லை. இப்போதுதான், இந்த நிமிஷம்தான் நடந்தது. தன் கையால் துடைத்து, தன் கையால் அலசிக் கீழே விட்டது எதை என்று இப்போதுதான் தெரிந்தது. இந்த மூதேவி கணபதி எதையும் பறிக்கவில்லை. கீழே விட்டதை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அப்படி நினைத்துப் பார்த்தும் பொறாமை குறையவில்லை. இன்னும் கூடியது.

"அபாங், மினும்?" என்று கணபதி பிளாஸ்டிக் பையை அவனிடம் நீட்டினான்.

காம்பில் ஈரம் மின்னியது. இரண்டு பேர் பல்லும் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் வெள்ளையாக வெளுத்திருந்தது. சேதுராமனின் கை வழக்கப்படி சட்டைப் பையிலிருந்த கைக்குட்டைக்குப் போனது. பாதியில் நிறுத்தினான். பையை வாங்கினான். "துரை," என்று கூப்பிட்டான். தொண்டை காய்ந்திருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை. காம்பை அப்படியே வாயில் வைத்துக் கடித்து உறிஞ்சினான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பிளாஸ்டிக் வாடை அடித்தது. அவனுக்குக் குமட்டவில்லை. ஒரு வாய் விழுங்கினான். காம்பை வாயிலிருந்து எடுக்காமலேயே தலையைத் திருப்பிப் பார்த்தான். பாறையின் மறுபக்கத்தில் பொன்னுதுரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கீழே தூரத்தில் மூவார் ஆறு வெயிலில் வளைந்து கடலுக்குப் போவது தெரிந்தது. அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கணபதி, சினி, சினி," என்று பொன்னுதுரை திரும்பாமலேயே கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

கணபதி எழுந்தான். போகிற போக்கில் சேதுராமனிடமிருந்து பையை வாங்கி, துடைக்காமல் ஒரு வாய் குடித்துவிட்டு, திரும்ப அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். சேதுராமன் மறுபடி காம்பில் வாய் வைத்தான். பொன்னுதுரை திரும்பித் தன்னைப் பார்ப்பானென்று பையில் தண்ணீர் தீரும்வரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவர்கள் இரண்டு பேரும் ஆறு எங்கே கடலில் சேர்கிறது என்று கையை நீட்டி நீட்டித் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.